எல்லோரும் கரைந்தே போனார்களாம்!

"அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் தாய்மொழியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சமர்த்தாக இங்கிலீஷ் படித்தார்கள். பல பண்பாட்டுக் கல்வி என்பதெல்லாம் 1960களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தார் கிளப்பிவிட்ட வம்பு." இதை அமெரிக்க அரசியல்வாதிகள் மேடைதோறும் சொல்வதில் வியப்பில்லை. மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம்மூர்ப் பெரியவர்களும் இதையே, அதுவும் மெச்சிக்கொண்டு சொல்கிறார்கள். எல்லோரையும் ஒன்றாக உருக்கிய பாத்திரமாம் அமெரிக்கப் பள்ளிக்கூடம்!

அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

1840லேயே ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரப் பொதுப் பள்ளிகளில் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்து நடந்தன. பெற்றோர் கேட்டார்கள், சட்டம் இடம் தந்தது, செலவு மக்கள் வரிப்பணம். லூசியானாவில் பிரெஞ்சுக்கும் இப்படி இடம் இருந்தது. 1856இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் மார்கரெத் ஷுர்ஸ் என்ற பெண்மணி, அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டனை ஜெர்மன் மொழியில் நடத்தினார். நம் தெருமுனை நர்சரிப் பள்ளிப் பலகையில் எல்.கே.ஜி. என்று இருக்கிறதே, அந்த 'கே.ஜி.' ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான். ஆங்கிலத்துக்கென்றே பிள்ளையை அங்கே சேர்க்கும் எவரும் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் அந்த ஜெர்மன் எங்கே போனது? தானாகக் கரைந்துவிடவில்லை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் ஜெர்மன் பேசுகிறவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன் ஆனான். அயோவா ஆளுநர் 1918இல் பள்ளியில் மட்டுமல்ல, தொலைபேசியில்கூட அயல்மொழி கூடாது என்று அறிவித்தார். நெப்ராஸ்கா 1919இல், எட்டாம் வகுப்பு தேறாத எந்தப் பிள்ளைக்கும் அயல்மொழி கற்பிக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. போர் அதற்கு முன்பே முடிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்த நெப்ராஸ்காவில் ஹாம்ப்டன் என்று ஓர் ஊர். 1920 மே 25, மதிய இடைவேளை. லூதரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் ராபர்ட் மெயர் என்ற ஆசிரியர், பத்து வயதுப் பையன் ஒருவனை ஜெர்மன் பைபிள் கதை வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அரசு வழக்கறிஞர் வந்து நின்றார். ஆங்கிலத்துக்கு மாறினால் அவர் பேசாமல் போய்விடுவார் என்பது மெயருக்குத் தெரியும். மாறவில்லை. அபராதம் 25 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1923இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ பள்ளிகளில் ஜெர்மன் வகுப்புகள் மூடப்பட்டிருந்தன. இதற்குக் கரைதல் என்று பெயர் வைப்பது, பிடுங்கியதைத் தானம் என்று கணக்கெழுதுவதுபோல.

இன்னொன்று: கரைய வந்தவர்களையெல்லாம் அந்தப் பாத்திரம் ஏற்றுக்கொண்டதா? மேமி டேப் என்ற எட்டு வயதுச் சீன வம்சாவளிச் சிறுமி அமெரிக்காவிலேயே பிறந்தவள். வீட்டில் பேசியது ஆங்கிலம், உடுத்தியது மேலைநாட்டு உடை. இதற்குமேல் என்ன கரைய வேண்டும்? அப்படியும் சான்பிரான்சிஸ்கோ பள்ளி அவளைச் சேர்க்க மறுத்தது. 1885இல் பெற்றோர் வழக்கில் வென்றார்கள். நகரம் அவசர அவசரமாகச் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி திறந்தது! பென்சில்வேனியாவின் கார்லைல் விடுதிப் பள்ளியிலோ பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, பேரையும் மாற்றினார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னார்கள் என்று, அப்படி 'லூதர்' ஆன லகோட்டாச் சிறுவன் பெரியவனாகி எழுதியிருக்கிறார். அந்தப் பலகையில் இருந்ததை வாசிக்க அன்று அவருக்குத் தெரியாது.

"பொதுமொழி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், யார் மறுத்தார்கள்? 1974இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற சான்பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகள் ஆங்கிலமே வேண்டாம் என்று வழக்குப் போடவில்லை. புரியாத மொழியில் எங்களைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள், உதவி வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்றது தீர்ப்பு.

ஆண்டுக்கொரு நாள் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, சமோசா தட்டோடு அனுப்பும் 'பண்பாட்டு தினம்' எனக்கும் பிடிக்காது. ஆனால் வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியது வேடிக்கை காட்டவா? பாடநூலில் தங்கள் முன்னோர் இல்லை என்பதற்காக. 1968இல் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும் அதற்குத்தான். வம்பு கிளப்பியவர்கள் என்று நாம் ஏசுவது, பறிபோனதைத் திருப்பிக் கேட்டவர்களை.

அதே சின்சினாட்டியில் பிற்பாடு அரசே மறுபடியும் ஒரு ஜெர்மன் மொழிப் பள்ளியைத் திறந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதில் பிள்ளைக்கு இடம் பிடிக்க, பெற்றோர் பள்ளி வளாகத்தில் கூடாரம் போட்டு, குளிரில் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்தார்கள். எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடிய விடிய வரிசையில் நின்ற நமக்கு அது புதிதல்ல.