காயலான் கடைக்குப் போடும் முன்...

திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற ‘கோர் 2 டுவோ’ கம்ப்யூட்டர்களுக்கு இது சோதனைக் காலம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ‘இதுல விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்க’ என்பதுதான் ரெடிமேட் பதில். ஏன் ஏறாது?

ஹார்பரில் கிரேன் ஓட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் காட்டும் கை சைகையை வைத்துத்தான் வேலை செய்வார். தூக்கு, இறக்கு, நிறுத்து... தெரியாத சைகையைக் காட்டினால் கிரேன் அப்படியே நிற்கும். பிராசஸருக்கும் இப்படி ஒரு கட்டளைப் பட்டியல் உண்டு. அதன் பெயர் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’. ரேம் கூட்டலாம், எஸ்.எஸ்.டி மாட்டலாம், சிப்பில் பதிந்த இந்தப் பட்டியலைக் கூட்ட முடியாது.

2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பு, ‘பாப்கவுன்ட்’ என்ற கட்டளையைக் கேட்கிறது. ஓர் எண்ணை 0, 1 என எழுதினால் அதில் எத்தனை 1 என்று எண்ணுவதுதான் அதன் வேலை. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால், இன்டெல்லில் 2008-ல் வந்த முதல் கோர் ஐ7-க்குப் பிறகுதான் அது இருக்கிறது. கோர் 2 டுவோவுக்குத் தெரியாது. அதனால், இந்தப் பதிப்பில் குறுக்கு வழியும் செல்லாது.

2015-ல் வாங்கிய ஐ3, ஐ5 கதை வேறு. அவற்றுக்கு அந்தக் கட்டளை தெரியும். அங்கே தடையாக இருப்பது மைக்ரோசாஃப்ட் போட்ட விதி: இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை முதல், கூடவே டி.பி.எம் 2.0. ‘முடியாது’ வேறு, ‘கூடாது’ வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் புது மெஷின் விற்பது நியாயமாகப் படவில்லை.

(இந்தக் கட்டளைப் பட்டியலே பொதுச்சொத்தாக இருந்தால்? ‘ரிஸ்க்-ஃபைவ்’ அப்படிப்பட்டதுதான். நம்ம சென்னை ஐ.ஐ.டி-யின் ‘சக்தி’ பிராசஸர் அதில் உருவானதே. 2018-லேயே லினக்ஸை ஓட்டிக் காட்டியது.)

கோர் 2 டுவோ 64 பிட் என்பதால் லினக்ஸ் மின்ட் ஏறும். ரேம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. செகண்ட் ஹேண்டில் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள், ‘சிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளில் ‘எஸ்.எஸ்.இ 4.2’ இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் விண்டோஸை உடனே அழிக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரின்டரில் ஒரு பக்கம் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.