அனுப்பியாச்சு என்றால் சேர்ந்தாச்சு ஆகாது

என் சின்னத் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவருக்கு வந்த கடித உறைகள் சில எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வெகுநாள் இருந்தன. பழைய முகவரியை அடித்து, பக்கத்தில் புது முகவரி எழுதி, மூலையில் 'ஃபேர் சுய்வ்ர்' என்று போட்டிருக்கும். ஆள் எங்கே மாற்றலாகிப் போனாலும் கடிதம் அவரைப் பின்தொடர்ந்து போகவேண்டும் என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த இரண்டு சொல்லும் மிகவும் பிடிக்கும். இன்று கணினியில் அதையே ஃபார்வர்ட் என்கிறார்கள். முன்னே தள்ளிவிடு, தள்ளியதோடு உன் வேலை முடிந்தது! இந்த மனப்பான்மையோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் உண்டு. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச அஞ்சல் மென்பொருள் ஓடுகிறது. அதே சர்வரில் இன்னும் இரண்டு சிறிய அமைப்புகளின் டொமைன்களும் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் மூன்று ஆபீஸ், வாசலில் ஒரே தபால் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வெர்ச்சுவல் டொமைன் என்று பெயர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு முகவரி கொடுத்தோம். ஆனால் பெட்டி கொடுக்கவில்லை. வருவதையெல்லாம் அவரவருடைய இலவச முகவரிக்குத் தள்ளிவிட்டோம். "எதுக்கு சார் பெட்டி? ஃபார்வர்ட் போட்டா போதும்" என்றார் அமைத்துக் கொடுத்த தம்பி. கமிட்டியும் தலையாட்டியது. ஆட்டிய தலைகளில் என்னுடையதும் ஒன்று.

சென்ற நவம்பரில் எங்கள் உறுப்பினர் ஒரு அம்மா, குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர், எண்பதைத் தாண்டியவர், லைஃப் சர்டிபிகேட் கொடுத்தார். அதில் கணக்கு எண் தவறு, திருத்தித் தரவும் என்று ஆபீஸிலிருந்து அவருடைய சங்க முகவரிக்கு அஞ்சல் வந்தது. அவர் கைக்குப் போகவில்லை. இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. மாத்திரை வாங்கப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார். நான் சர்வரின் லாகைத் திறந்து பார்த்தேன். அஞ்சல் எங்கள் மேஜைக்கு வந்தது, நாங்கள் வாங்கிக்கொண்டோம், வெளியே தள்ளினோம், எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டது. மறுப்புச் சீட்டு அனுப்பியவருக்கே போனது. அதுவோ யாரும் திறந்து பார்க்காத 'நோ ரிப்ளை' முகவரி. நடந்ததைச் சொன்னபோது அந்த அம்மா கோபப்படவில்லை. "தம்பி, அந்தக் கடுதாசி இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்கும் இல்லை என்பதுதான் பதில்.

எதிர்ப்பக்கம் ஏன் மறுத்தது? குற்றம் அவர்களுடையது அல்ல, நம்முடையது. ஓர் ஆபீஸ் தன் கடிதங்களை எந்தெந்தப் பியூன் கொண்டுவரலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. அது எஸ்பிஎஃப். கடிதத்தில் முத்திரையும் குத்துகிறது. அது டிகேஐஎம். இரண்டில் ஒன்றுகூடத் தன் பெயரோடு பொருந்தவில்லை என்றால் என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லிவைக்கிறது. அது டிமார்க். நாம் ஃபார்வர்ட் செய்யும்போது கொண்டுபோவது நம் பியூன். அவர் பெயர் அந்த ஆபீஸின் பட்டியலில் இருக்காது. முத்திரையாவது காப்பாற்றியிருக்கும். ஆனால் நம் கமிட்டிக்கு ஆசை விடவில்லை. ஒவ்வொரு அஞ்சலின் சப்ஜெக்ட் வரியிலும் சங்கத்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னோம். முத்திரை குத்திய தாளில் கிறுக்கினால் முத்திரை செல்லுமா? இரண்டு சான்றும் போயின. மறுத்துவிடு என்று அந்த ஆபீஸே சொல்லிவைத்திருந்தது. மறுத்துவிட்டார்கள்.

"எஸ்ஆர்எஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். உறையின் மேலுள்ள அனுப்புநர் முகவரியை நம் டொமைன் பெயருக்கு மாற்றும் ஏற்பாடு அது. போடத்தான் வேண்டும். ஆனால் டிமார்க் பார்ப்பது உள்ளே 'ஃப்ரம்' வரியில் உள்ள பெயரை. அதற்கு முத்திரை பழுதில்லாமல் இருந்தே ஆகவேண்டும்.

நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, பல ஆண்டு டெஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்தவன். பியூன் புக்கில் எதிர் ஆபீஸின் கையெழுத்து வரும்வரை அந்தத் தபால் என் தலையில்தான். இது என் பழைய காலத்துப் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். மின்னஞ்சலுக்கான விதி நூலும் இதையே சொல்கிறது. 1982இல் ஆர்எஃப்சி 821 ஆக வந்து, 2008இல் 5321 ஆகத் திருத்தப்பட்ட விதி அது. முழு அஞ்சலையும் பெற்றுக்கொண்டு ஒரு சர்வர் '250' என்று பதில் சொன்ன கணம், அதைச் சேர்ப்பதற்கோ, முடியாவிட்டால் தெரிவிப்பதற்கோ பொறுப்பை அது ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அற்பக் காரணத்துக்காகத் தொலைக்கக் கூடாது. 250 என்பது இன்வர்ட் ரெஜிஸ்டரில் நாம் போட்ட கையெழுத்து, ஐயா! வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் தள்ளிட்டேன், எனக்குத் தெரியாது" என்றால் அந்தக் காலத்தில் மெமோ வந்திருக்கும்.

பெட்டி வைத்தால் இடம் போகும் என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வந்த அஞ்சல் நாலு வரி. ஒரு போட்டோ எடுக்கும் இடத்தில் அதுபோல நூற்றுக்கணக்கில் வைக்கலாம். வயதானவர்கள் இரண்டு பெட்டி பார்க்கமாட்டார்கள் என்கிறார்கள். பார்க்கவேண்டாம். ஃபார்வர்ட் போகட்டும், ஒரு நகல் நம்மிடம் இருக்கட்டும். ஆபீஸ் காப்பி வைக்காமல் எந்தக் கடிதத்தையாவது நாம் வெளியே விட்டிருக்கிறோமா?

வேலையும் பெரிதல்ல. டொமைனை வெர்ச்சுவல் அலியாஸ் டொமைன் பட்டியலிலிருந்து எடுத்து வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன் பட்டியலில் சேர்க்கவேண்டும். இரண்டிலும் வைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. அலியாஸ் கோப்பில் வலது பக்கம் வெளி முகவரியோடு, அதே சங்க முகவரியையும் எழுதினால் நகல் பெட்டியில் விழும். பிறகு போஸ்ட்மேப் கட்டளை கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் சர்வர் பழைய பட்டியலையே படித்துக்கொண்டிருக்கும். சப்ஜெக்டில் கைவைப்பதை நிறுத்தவேண்டும். எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கேட்ச்-ஆல் முகவரியை மூடவேண்டும். குப்பையை எல்லாம் வாங்கி வெளியே தள்ளினால் நம் சர்வருக்கே கெட்ட பெயர். நல்ல கடிதமும் அதோடு சேர்ந்து அடிபடும். தினமும் ஒருவர் லாகைப் பார்க்கவேண்டும். அதில் 'சென்ட்' என்றிருந்தால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது.

எங்கள் சங்கத்தில் இப்போது இதைச் செய்துவிட்டோம். தினமும் காலை காபிக்குப் பிறகு லாக் பார்ப்பது என் வேலை. மறுக்கப்பட்டது ஏதாவது இருந்தால் உரியவருக்குப் போன் போட்டுச் சொல்கிறேன். பழைய மாணவர் சங்கம், கோயில் டிரஸ்ட், குடியிருப்போர் சங்கம் என்று இப்படி டொமைன் வைத்திருக்கும் நண்பர்கள் உங்களில் பலர் உண்டு. உங்கள் பையன்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் நாம் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மறுத்த அஞ்சல்கள் எத்தனை, அவற்றின் நகல் எங்கே? பதில் வரவில்லை என்றால் பெட்டி வைக்கும்வரை விடாதீர்கள்.