சீசன் முடியலை பாஸ்!

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி ஜாஸ்தி. இருந்தும் போன ஞாயிறுலேர்ந்து நேத்து வரைக்கும் அஞ்சு நாள் விடியக்காலைல எந்திரிச்சு, பைனாகுலரும் கையுமா சென்னையச் சுத்தி அலைஞ்சிருக்கேன். பங்குனி பொறந்தாச்சே! "இப்பப் போய் என்னய்யா பறவை பாக்கற, சீசன்தான் முடிஞ்சிடுச்சே"ன்னு டீம்ல எல்லாரும் கேட்டாச்சு. அந்த 'சீசன்'ங்கற வார்த்தை மேலதான் எனக்குக் கடுப்பு.

நம்ம மக்களுக்கு சீசன்னா பொங்கல் லீவு. குடும்பத்தோட வேடந்தாங்கல், நாலு போட்டோ, வழியில டிபன். தப்பில்ல, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா ஜனவரியில பாக்கறது பாதிப் பறவைதான்னு சொல்வேன்.

பழுப்புத்தலைக் கடற்காக்கையை எடுத்துக்குங்க. டிசம்பர்ல பழவேற்காட்டுல முதல்தடவை பாத்தப்ப, கண்ணுக்குப் பின்னாடி ஒரு பொட்டைத் தவிர தலை முழுக்க வெள்ளை. பேர் வெச்சவருக்குக் கண்ணுல கோளாறோன்னு நினைச்சேன். இந்தச் சனிக்கிழமை அதே இடத்துல, படகுக்குப் பின்னாடி வந்த கூட்டத்துல பாதிக்கு மேல காப்பிக்கொட்டை கலர்ல தலை! லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குப் போய்க் குடும்பம் நடத்தறதுக்கு முன்னாடி மேக்கப். (அதுங்களுக்கு நம்ம ஊர்தான் ஆன்சைட். விசா பிரச்னை கிடையாது, குடுத்து வெச்சதுங்க :-)) பள்ளிக்கரணையில கருவால் மூக்கன்களும் அப்படித்தான். குளிர்காலத்துல அழுக்குச் சாம்பலா நின்னதுங்க, இப்ப கழுத்துல செங்கல் நிறம் ஏறி நிக்குதுங்க.

வேடந்தாங்கல்ல கூட்டமே இல்ல. மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுங்க அம்மா சைஸுக்கு வளந்து, இன்னும் சோறு கேட்டுக் கத்திட்டு இருந்துச்சு. நம்ம வீட்டுக் கதைதான்.

சரி, கடுப்புக்கு வரேன். பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சர் அங்கீகாரம் கிடைச்சது, 1,247 ஹெக்டேருக்கு. சந்தோஷம். ஆனா ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கறது ஜனவரியில. பேப்பர்ல பூநாரை படம் வர்றதும் அந்தச் சமயத்துலதான். தண்ணி வத்தி, விருந்தாளிங்க கிளம்பினதும் அது நம்ம கண்ணுக்கு வெறும் காஞ்ச பொட்டலாயிடுது. பொட்டல்னு ஆயிட்டா லாரியில கட்டட இடிபாடு கொட்டலாம், ஜேசிபி இறக்கலாம், அப்புறம் பிளாட் போடலாம். நான் வேலை பாக்கற கண்ணாடிக் கட்டடம் நிக்கறதும் ஒருகாலத்துல தண்ணி நின்ன எடத்துலதான். அதனால ரொம்ப யோக்கியன் மாதிரிப் பேச எனக்கு அருகதை இல்ல.

அந்தப் பொட்டல்ல என்ன இருக்குன்னு எனக்கே போன வருஷம் மே மாசம்தான் தெரிஞ்சது. பெரும்பாக்கம் பக்கம், ஒரு நல்ல போட்டோவுக்கு ஆசைப்பட்டு ரோட்டை விட்டு இறங்கிட்டேன். இறங்கக்கூடாதுன்னு தெரியும், ஆனாலும் இறங்கினேன். நெடுங்கால் உள்ளான் ரெண்டு, தலைக்கு மேல கத்தோ கத்துன்னு கத்துதுங்க. எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்னு குனிஞ்சா, ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மண்ணுல நாலு முட்டை. மண்ணு கலர்லயே புள்ளி புள்ளியா. இன்னொரு அடி வெச்சிருந்தா முடிஞ்சது. வந்த வழியே, கால் தடத்து மேலயே கால் வெச்சுத் திரும்பிட்டேன்.

அப்புறம் ரோட்டு ஓரத்துல நின்னு பாத்தேன். வெயில் மண்டையப் பிளக்குது. தாயோ தகப்பனோ, ஒண்ணு பக்கத்துக் குட்டையில போய் வயித்தை நனைச்சுட்டு ஓடி வந்து முட்டை மேல உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போச்சு. சூடு தணிக்குதாம்! ஏசி ரூம்ல உக்காந்து சர்வர் கூலிங் பத்தி மீட்டிங் போடற ஆளுக்கு அன்னிக்குப் பேச்சே வரலை.

வழிமாறி வர்ற அபூர்வப் பறவை ஒண்ணுக்காக ராத்திரியோட ராத்திரியா கார் எடுக்கற நண்பர்கள்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். ஏப்ரல்லயும் மே மாசத்துலயும் வாங்க. ரோட்டுலயே நின்னு பாருங்க. பாத்த கூட்டை, எண்ணிக்கையோட, தேதியோட இ-பேர்டுல ஏத்துங்க. எடத்தைத் துல்லியமாப் போட்டு வாட்ஸ்அப்ல மட்டும் சுத்த விடாதீங்க. நாளைக்கு யாராவது "அங்க ஒண்ணுமே இல்லையே"ன்னா, காட்டறதுக்கு நம்ம கையில ஜனவரிக் கணக்கு மட்டும் இருந்தா பத்தாது.

நேத்து சாயங்காலம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஓரமா பைக்கை நிறுத்தினேன். ஒரு ஜோடி, நெஞ்சை மண்ணுல அழுத்திக் குழி பறிச்சுட்டு இருந்துச்சு. கேமராவைப் பையிலேர்ந்து எடுக்கலை.