கெட்ட பாகத்தை மட்டும் மாற்றவிடுங்கள்

மோட்டார் எரிந்தால் கோவைக்காரர் கலங்குவதில்லை. பக்கத்துப் பட்டறையில் காயில் கட்டி இரண்டொரு நாளில் ஓடவிட்டுவிடுவார்கள். அந்த மோட்டாரை இயக்கும் ‘டிரைவ்’ கெட்டால்தான் தலைவலி. ‘முழு யூனிட்டையும் மாத்தணும்’ என்ற பதிலைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார்கள் சிறு ஆலைக்காரர்கள்.

50 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுமின்னோட்டமாகத் தருவது டிரைவின் வேலை. அதிர்வெண் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறையும். நூற்பாலையின் காற்றோட்ட விசிறியில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்தேவை ஏறக்குறைய பாதியாகும். மின்கட்டணத்தோடு மல்லுக்கட்டும் ஆலைகளுக்கு இது தேவையான கருவி. பரவ வேண்டிய கருவி.

டிரைவில் முதலில் தேய்வது எது என்பது ஊரறிந்த செய்தி: குளிர்விக்கும் விசிறி, மின்தேக்கி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி இணைக்கும் ஐ.ஜி.பி.டி. சுவிட்ச். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையின் பாலபாடம். பஞ்சுத் தூசியும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும், எளிதில் கழற்ற முடியாதபடி இவற்றைப் பிணைத்துவைப்பது ஏன்?

மாற்றுவழி நம் மண்ணிலேயே இருக்கிறது. புகளூரிலிருந்து வடக்கு திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுசெல்லும் நேர்மின்னோட்டத் தடம் 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய தடத்தின் மின்னோட்ட மாற்று நிலையத்தில் ஒரே மாதிரியான சிறு அலகுகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்று செயலிழந்தால் அதை விலக்கிவிட்டு மற்றவை சுமையைத் தாங்கும்; பராமரிப்பின்போது கெட்டதை மட்டும் மாற்றுவார்கள். உயர் மின்னழுத்த மோட்டார்களுக்கான பெரிய டிரைவ்களிலும் இம்முறை உண்டு. பெரிய முதலீட்டுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, சிறு ஆலைக்கும் ஊர்க் குடிநீர் பம்புக்கும் எட்ட வேண்டும்.

இணைப்பிகள் கூடினால் விலை கூடும், பெட்டி பெருக்கும், தளர்ந்த இணைப்பே புதுப் பழுதாகும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஓரிரு குதிரைத்திறன் டிரைவுக்கு ஒரே பலகைதான் சிக்கனம். ஆனால் பெரிய டிரைவ்களில், ஒரு விசிறிக்காக ஆலை நிற்கும் நாள்களின் இழப்பையும் கணக்கில் சேர்த்தால் அந்தச் சிக்கனம் கரைந்துவிடும்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய அரசு அமைத்த குழு, வேளாண் கருவிகள், செல்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய துறைகளை முன்னிறுத்தியது. தொழிற்சாலை டிரைவ்களையும் அதில் சேர்க்க வேண்டும். அதற்குக் காத்திராமல் மாநில அரசு தன் ஒப்பந்தப்புள்ளிகளிலேயே தொடங்கலாம். குடிநீர்த் திட்டங்களுக்கு வாங்கும் பெரிய டிரைவ்களில் விசிறி, மின்தேக்கி, சுவிட்ச் பகுதிகள் தனித்தனியே கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். பழுதுக் குறியீடுகளின் விளக்கமும் உதிரிபாக விலையும் கூடவே வர வேண்டும். பத்தாண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். ஐ.டி.ஐ.களில் இதற்கான பயிற்சியும் தொடங்கட்டும்.

ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர்; சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்றவர். அவர் தந்த சுவிட்சைக் கழற்றி மாட்டும் வாய்ப்பு, காயில் கட்டிப் பழகிய நம் பட்டறைக் கைகளுக்கும் கிடைக்க வேண்டும்.