வளையும் சப்பாத்தும் வளையாத சப்பாத்தும்

பனிமலை நாடுகளில் சறுக்குப் பலகை வாங்கச் செல்பவரிடம், விலையைப் பேசுவதற்கு முன்னர் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். எத்தகைய பனியில் சறுக்கப் போகிறீர்கள்? உங்கள் உடல் எடை எவ்வளவு? புதிதாகப் பொழிந்து இன்னும் இறுகாத பனித்தூளுக்கென்று தனிப் பலகை இருக்கிறது. அதன் நடுப்பகுதி 110 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகன்றிருக்கும். முனை நன்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். பெரும்பாலும் நெகிழ்வாகவும் இருக்கும். புதையாமல் மிதந்து செல்வதற்கு அந்த அமைப்பே உதவுகிறது. உறைந்து இறுகிய சரிவில் வேகமாக இறங்குவதற்கோ ஒடுங்கிய, விறைப்பான பலகை வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, எந்த மலைக்கும் உதவும் என்று சொல்லி விற்கப்படும் 85 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலான பொதுப் பலகை ஒன்றும் உண்டு. அது எங்கும் ஓரளவு நன்றாக ஓடும். எங்கும் முதல்தரமாக ஓடாது. ஒரே ஒரு சோடி மட்டும் வாங்க வசதியுள்ளவருக்குப் பெரும்பாலும் அதுவே பரிந்துரைக்கப்படுகிறது.

இத்துறை அறிந்தோர் வற்புறுத்தும் உண்மை ஒன்றுண்டு. விறைப்பு என்பது தரத்தின் அளவுகோல் அன்று. 90 கிலோ எடையுள்ள தேர்ந்த வீரருக்குக் கட்டுப்படும் பலகை, 50 கிலோ எடையுள்ள ஒருவரின் காலுக்கு வளைந்து கொடுக்காது. வளையாத பலகையைத் திருப்புவது கடினம்; திருப்ப முடியாதவர் விழுவார். நல்ல பொதுப் பலகையைச் செய்பவர்கள் விறைப்பையும் நெகிழ்வையும் சரிபாதியாகக் கலந்துவிடுவதில்லை. பாதத்தின் கீழே விறைப்பாகவும் முனையிலும் வாலிலும் நெகிழ்வாகவும் அமைக்கிறார்கள். எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்பதே கேள்வி.

வட்டவளையில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று வாசகர் கேட்கலாம். இங்கு பனி பொழிவதில்லை, மழை பொழிகிறது. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெறும், இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று இது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் சரிவுகளின் மேல்மண் களியாகிக் காலடியில் வழுக்குகிறது. பனிநாட்டார் சறுக்குவதற்காகப் பலகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மவர்களோ சறுக்காமல் இருப்பதற்காகக் காலில் எதையேனும் அணிய வேண்டியவர்கள். காலுக்கும் சரிவுக்கும் இடையில் எதை வைப்பது என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான். அவர்களுக்கு அது விடுமுறைப் பொழுதுபோக்கு. நமக்கு அது நாட்பேர்.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் ஒரே நாளில் எத்தனை வகை நிலத்தின் மீது நடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். லயத்து வாசலின் சீமெந்து, தார் வீதி, பாசி படிந்த கருங்கற் படி, மழையில் குழைந்த ஒற்றையடிப் பாதை, தாண்டிச் செல்ல வேண்டிய கான், இவற்றுக்கெல்லாம் பின்னர் தேயிலை நிரை. நிரைக்குள் நிலம் கண்ணுக்குத் தெரியாது. வேரும் கல்லும் காலுக்குத்தான் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையானால் சரிவாகச் சீவப்பட்ட குச்சிகள் கூர்முனையோடு தரையிற் கிடக்கும். முதுகிலே கூடை, மழை நாளில் ஈரக் கொழுந்தின் எடை வேறு. அந்தப் பாரம் உடலைப் பின்னோக்கி இழுக்க, அவர் நிறுவைக்காக இறங்கி வர வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது என்பதை மலையில் வேலை செய்தவர்கள் அனைவரும் அறிவர்.

விறைப்பான அடியுடைய சப்பாத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. கூரிய கல்லின் மீது மிதிக்கும்போது உடலின் எடையைப் பாதம் முழுவதற்கும் அது பகிர்ந்து கொடுக்கிறது. சிறு பாறை விளிம்பில் முன்பாதத்தை மாத்திரம் ஊன்றி நிற்க உதவுகிறது. கணுக்காலைச் சுற்றிய இறுக்கமான கவசம் பிசகாமல் காக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அடி வளையாதபோது நிலத்தைக் கால் உணர்வதில்லை. சரிவுக்கு ஏற்பப் பாதம் படியாமல், ஓரம் மட்டுமே மண்ணைத் தொடும். ஈரக் களியில் அப்படி நிற்பவருக்கு வழுக்குவதற்கு முன் எச்சரிக்கை கிடைப்பதில்லை.

நெகிழ்வான அடி இதற்கு நேர்மாறானது. பெருவிரலின் அடிப்பகுதியில் அது மடங்குவதால் ஏற்றம் இலகுவாகிறது. நிலத்தின் மேடுபள்ளம் பாதத்துக்குத் தெரிகிறது. எனினும் மிக மெல்லியதாக இருந்தால் கவ்வாத்துக் குச்சி அதைத் துளைத்துவிடும். நாள் முழுதும் கற்படிகளில் நடந்தால் பாதம் நோகும்.

இவ்விரண்டையும் வெவ்வேறு சோடிகளாகப் பிரித்துவைத்ததன் விளைவை மலையேறிகள் மிகக் கொடிய முறையில் கற்றனர். ஒரு காலத்தில் ஐரோப்பிய மலையேறிகள் அடிவாரத்தில் ஆணி அடித்த கனத்த சப்பாத்தையும், பாறைக்கு வந்ததும் மெல்லிய அடியுடைய இலேசான காலணியையும் அணிந்தனர். 1935இல் இத்தாலிய அல்ப்ஸ் மலையிலுள்ள புந்தா ராசிக்கா சிகரத்தில் புயலில் அகப்பட்டு ஆறு பேர் மாண்டனர். அக்குழுவை அழைத்துச் சென்ற வித்தாலே பிராமானி, ஏற்ற காலணி இல்லாமையும் அந்த மரணங்களுக்கு ஒரு காரணம் என்று கருதினார். ஈரத்திலும் பாறையிலும் பனியிலும் ஒருங்கே பிடிக்கக்கூடிய, ஆழமான பற்களையுடைய இறப்பர் அடி ஒன்றை அவர் உருவாக்கினார். 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். விப்ரம் என்ற பெயரில் இன்று உலகெங்கும் அறியப்படும் அடி அதுவே. 1954இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியர்கள் அணிந்ததும் அதுதான்.

இன்று நமது மலைகளுக்கு வரும் பயணிகளின் கால்களைப் பார்த்தால் இந்த அறிவு எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பது தெரியும். தேயிலைத் தோட்டங்களூடாக 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பீக்கோ நடைபாதையில் வருபவர்கள் கணுக்கால் வரை மூடிய சப்பாத்து, அட்டை ஏறாத காலுறை, ஊன்றுகோல் சகிதம் வருகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மலையை மதித்து ஆயத்தமாக வருகிறார்கள். ஆனால் அவர்கள் நிழற்படம் எடுக்கும் அதே நிரையில், ஒரு வாரமல்ல, முப்பது வருடம் நடப்பவரின் காலில் இருப்பது வார் அறுந்து தைத்த இறப்பர்ச் செருப்பு. பல வேளைகளில் அதுவும் நிரையின் தொடக்கத்தில் கழற்றி வைக்கப்படுகிறது. களியில் செருப்பு வழுக்கும். வெறுங்கால் விரல்கள் மண்ணைப் பற்றும்.

அந்த இறப்பர்ச் செருப்பு குளியலறைக்கும் கடைத்தெருவுக்கும் கோயில் வாசலுக்கும் மலைக்கும் போகிறது. இதையும் எல்லா இடத்துக்கும் ஏற்ற காலணி என்று ஒருவர் சொல்லக்கூடும். அது பொருத்தமன்று. எல்லா இடத்துக்கும் பொருந்துவதற்காகச் செய்யப்பட்ட பொருள் வேறு. வேறு எதுவும் இல்லாததால் எல்லா இடத்துக்கும் போகும் பொருள் வேறு. முன்னது தேர்வு. பின்னது வறுமை.

இதற்கு மாற்றாக நமது நாட்டில் எளிதாக முன்வைக்கப்படும் பொருள் முழங்காலளவு கம்பூட்ஸ். வயலுக்கும் பாற்பண்ணைக்கும் அது நல்ல காலணி. சமதரையில் தேங்கிய நீரில் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. செங்குத்தான சரிவில் அது கணுக்காலில் மடங்காது. வாய்வழியே மழைநீர் இறங்கினால் வெளியேற வழியில்லை. கனமோ அதிகம். ஆணின் பாத அளவில் வார்க்கப்பட்டதைச் சிறிய பாதமுடைய பெண் அணிந்தால், காலுக்குள் சப்பாத்து நிற்காது. சப்பாத்துக்குள் கால் சறுக்கும். இப்படிப்பட்டதைக் கொடுத்துவிட்டு, சில மாதங்களின் பின்னர் அது லயத்துக் கூரையின் கீழே தொங்குவதைக் கண்டு, "இவர்களுக்குக் கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்று சொல்வது நியாயமாகாது. கொடுத்தவர் நிலத்தையும் கேட்கவில்லை, காலையும் கேட்கவில்லை. சறுக்குப் பலகை விற்பவர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகள்கூட இங்கு கேட்கப்படுவதில்லை.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. கியூஷு தீவின் குருமே நகரில் இஷிபாஷி சகோதரர்கள் துணிக் காலுறை செய்யும் குடும்பத் தொழிலை நடத்தி வந்தனர். அக்காலத் தொழிலாளர்கள் வைக்கோலாற் பின்னிய செருப்பையே அணிந்தனர். அது வெகு விரைவில் தேய்ந்துவிடும், ஆணிக்கும் கண்ணாடிக்கும் தடையாகாது. அச்சகோதரர்கள், பெருவிரல் தனியாகப் பிரிந்த துணிக் காலுறையின் அடியில் இறப்பரை ஒட்டி, மீக்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கொடுத்துப் பரீட்சித்தனர். 1923இல் அது சந்தைக்கு வந்தது. பாதத்தோடு சேர்ந்து வளையும், பெருவிரல் நிலத்தைப் பற்றும், அடி எளிதிற் கிழியாது. ஜப்பானியத் தச்சரும் விவசாயியும் கட்டடத் தொழிலாளியும் இன்றுவரை அதை அணிகிறார்கள். சகோதரர்களுள் ஒருவரான ஷோஜிரோ, 1931இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் பாதத்தைக் கவனித்தவர் நட்டப்படவில்லை.

இறப்பருக்கும் நமக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் யட்டியந்தோட்டையில் இறப்பர்த் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அங்கும் பால் வெட்டுபவர்களுள் நம்மவர்கள் இருக்கிறார்கள். டயரும் கையுறையும் செய்து ஏற்றுமதி செய்யும் நாடு இது. தேயிலைச் சரிவுக்கென்று ஒரு சப்பாத்தை வடிவமைப்பது நமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதென்று எவரும் சொல்ல முடியாது.

"எங்கள் பாட்டிமார் வெறுங்காலோடுதானே நடந்தார்கள்?" என்ற வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. நடந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த பரம்பரை இது. வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. வெறுங்காலின் விலையும் அன்றே அறியப்பட்டிருந்தது. கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோல்வழியே உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுகிறது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கம் மருந்தையும் மலசலகூடத்தையும் பிரதான வழிகளாகக் கொண்டது. இரண்டும் அவசியமானவையே. ஆயினும் புழு நுழைந்த வாசல் பாதம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாசல் மூடப்படவில்லை. சிவனொளிபாதமலைக்கு வெறுங்காலோடு ஏறுபவர் தன் விருப்பத்தால் ஏறுகிறார். இறங்கியதும் செருப்பை அணிந்துகொள்கிறார். பக்தியையும் இல்லாமையையும் ஒன்றாக்கிப் பேசுவது பெரும் பிழை.

செலவைப் பற்றிய ஆட்சேபம் வரும். நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டபோது எழுந்த விவாதங்களை நாமறிவோம். ஒவ்வொரு முறையும் உற்பத்திச் செலவு என்ற சொல்லே முன்னால் வந்து நின்றது. கணுக்கால் பிசகி வீட்டில் இருக்கும் தொழிலாளி அன்று கொழுந்து கொண்டுவருவதில்லை. அவருக்குப் பேரும் இல்லை. வழுக்கும் பயத்தோடு இறங்குபவர் மெதுவாகத்தான் இறங்குவார். இவையும் செலவுதான். கணக்கேட்டில் எழுதப்படாத செலவு என்பதால் அது இல்லாமற் போய்விடாது.

ஆகவே எனது நிலைப்பாடு இதுதான். விறைப்பா நெகிழ்வா என்று பொதுவாகக் கேட்டால், நமது மலைகளுக்கு நெகிழ்வையே நான் தேர்வேன்; ஆனால் அது இடமறிந்த நெகிழ்வாக இருக்க வேண்டும். குதியிலும் நடுப்பாதத்திலும் உறுதி, முன்பாதத்தில் வளைவு, குச்சி துளைக்காத அடி, களி ஒட்டாமல் உதிர்ந்துவிடும் அகன்ற இடைவெளியுள்ள பற்கள், உள்ளே புகுந்த நீர் வடிந்து வெளியேற வழி, அட்டை ஏறாதபடி கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டும் துணி. பெண்களின் பாத அளவுகளில், கூடை சுமந்த உடலின் எடையைக் கணக்கிட்டுச் செய்யப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் கம்பனிகளோடு பேசும் மேசையில், கூலிக்குப் பதிலாக அல்லாமல் கூலியோடு சேர்த்து, இதுவும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட வேண்டும். பத்தாயிரம் சோடிக்குக் கட்டளை கொடுக்குமுன், பத்துச் சோடியைப் பத்துப் பெண்களிடம் கொடுத்து, ஒரு பருவமழைக்காலம் முழுவதும் அணியச் செய்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதிக்கொள்ள நிபுணர் தேவையில்லை. பிரட்டுக் களத்தில் பேனையோடு நிற்கும் ஒருவர் போதும்.