கல்லாவுக்குக் காட்டும் கவனம் கல்விக்கூடத்துக்கு இல்லையா?



உங்கள் கடையில் ஒரு பையனைச் சேர்க்கிறீர்கள். முதலில் டீ வாங்கி வரச் சொல்கிறீர்கள். பிறகு சரக்கு அடுக்குகிறான். அளந்து கொடுக்கப் பழகுகிறான். கொள்முதலுக்கு உடன் வருகிறான். பேரேடு எழுதக் கற்றுக் கொள்கிறான். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் அவனைக் கல்லாவில் உட்கார வைக்கிறீர்கள். அதுவும் நீங்கள் தொழுதுவிட்டு வருகிற நேரத்துக்கு மட்டும்!

அதே நீங்கள்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறீர்கள். தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார்? பணிமூப்பைப் பார்க்கிறீர்கள். சில ஊர்களில் அதுகூட இல்லை. எந்தத் தெருக்காரர், யாருக்கு உறவு என்று பார்க்கிறார்கள். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்திய ஒரு நல்ல மனிதரிடம் மறுநாள் காலை சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். பள்ளியின் வரவு செலவைத் திட்டமிட அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? மூத்த ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து குறை காண்பதும், அதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதும் ஒரு தனிக் கலை. அதை அவர் எங்கே கற்றார்?

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு உரிமை தருகிறது. 1998-ல் கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப்பள்ளி வழக்கில், முஸ்லிம் சிறுபான்மைப் பள்ளியின் நிர்வாகம் தகுதியுள்ள ஒருவரைத் தன் விருப்பப்படி தலைமையாசிரியராக நியமிக்கலாம், பணிமூப்பு அதற்குத் தடையல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் குடத்தில் வந்து பொருந்துவது போல, பள்ளியின் எல்லாப் பணிகளும் தலைமையாசிரியரிடம் வந்து சேர்கின்றன என்ற கருத்தில்தான் நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள். ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1958-ல், கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது: நிர்வகிக்கும் உரிமைக்குள் நிர்வாகத்தைக் கெடுக்கும் உரிமை அடங்காது! முதல் தீர்ப்பை மேடைதோறும் முழங்குகிற நாம், இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கெடுப்பது என்றால் பணத்தைக் கையாடுவது மட்டும்தானா? அரசு உதவி பெறும் பள்ளியில் ஆகஸ்டு 1-ந்தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்று நிர்ணயிக்கிறார்கள். பதிவேடு ஒழுங்காக இல்லையென்றால், ஜூன் மாதமே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லையென்றால், இடம் உபரியாகிப் போய்விடும். போன இடத்தைத் திரும்பப் பெறுவது எளிதா? தாளாளர் நேர்மையானவராகவும் தலைமையாசிரியர் தஹஜ்ஜுத் தொழுபவராகவும் இருந்தும், கோப்புகளைக் கையாளத் தெரியாததால் பணியிடங்களை இழந்த பள்ளிகள் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம்.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர் என்பதோடு, அறிந்தவர் என்பதையும் சேர்த்தே மன்னரிடம் சொன்னார்கள். நாமோ முதல் தகுதியோடு நிறுத்திக் கொள்கிறோம்.

இதற்கென்று படிப்பு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது! அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளியின் முதல்வராக வர முதுநிலைப் பட்டமும் அதற்கான தனி உரிமமும் வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மை, நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பை அஞ்சல் வழியில் நடத்துகிறது. வேலையை விடாமலே படிக்கலாம். 1962-ல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகப் புதுதில்லியில் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான நீபா நிறுவனம், மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கென்றே முதுநிலைப் பட்டயப் பயிற்சி தந்து வந்திருக்கிறது. பள்ளித் தலைமைக்கென 2012-ல் அங்கே தனி மையமும் ஏற்பட்டது. நம் பள்ளிகளிலிருந்து இவற்றில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர் நிர்வாகக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்தவ சபைகளைப் பாருங்கள். நாளை எந்தப் பள்ளிக்கு யார் பொறுப்பு என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணி, கன்னியாஸ்திரீகளை மேற்படிப்புக்கு அனுப்புகிறார்கள். பொறாமைப்பட்டுப் பயனில்லை. நம் வீட்டுப் பெண்கள் எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். நாமோ பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை கிடைக்கவில்லை என்று விளம்பரம் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்!

இளைஞர்களே, உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பள்ளியின் தலையெழுத்தில் பாதி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுதப்படுகிறது. அந்தப் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. நேரடித் தேர்வு நடத்துகிறது. முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் இருந்தால் எழுதலாம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ல் சட்டமான 3.5 சதவீத இடஒதுக்கீடு இதற்கும் உண்டு. தெருவில் நின்று கேட்டுப் பெற்ற ஒதுக்கீடு அது. அலுவலகத்துக்கு வெளியே நின்று கோஷம் போட நம்மிடம் ஆள் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து கோப்பில் கையெழுத்திட யார் இருக்கிறார்கள்?

வணிகப் பெருமக்களே! திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951-ல் எழுப்பியவர்கள் வியாபாரிகள்தாம். கட்டடத்துக்குக் கேட்டால் நீங்கள் இன்றும் கொடுக்கிறீர்கள். கல்வெட்டில் பெயர் வருகிறது. ஓர் ஆசிரியரின் பட்டயப் படிப்புக்குக் கட்டணம் கட்டினால் பெயர் வராதுதான். ஒரு வகுப்பறைக்கு ஆகும் செலவில் எத்தனை பேரைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம் தலைமையாசிரியர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார்? அதிலிருந்து மூன்று வருடத்தைக் கழியுங்கள். அந்த வருடத்துக்குள் இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தை நிர்வாகமே கட்டிப் படிக்க அனுப்பும்படி தீர்மானம் கொண்டு வாருங்கள். மூன்றாவது பெயராகத் தாளாளர் பெயரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர் கோபித்துக் கொள்ள மாட்டார், இன்ஷா அல்லாஹ்!