கத்தி வைக்காமலே கண்டுபிடிக்கலாம்



தசைச் சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை மனமார வரவேற்கிறேன். என் அக்கா மகன் ஐந்து வயதில், தொடைமேல் கையூன்றித்தான் தரையிலிருந்து எழுவான். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். கடைசியில் தொடையைக் கீறித் தசைத் துணுக்கை எடுத்துத்தான் 'டுஷென்' வகைத் தசைச் சிதைவு என்று உறுதிசெய்தார்கள். தையல் பிரிக்கும்வரை பிள்ளை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இன்று அதே விடையைப் பெரும்பாலும் சில மில்லி ரத்தமே சொல்லிவிடுகிறது. இந்நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் எக்ஸான்கள் எனப்படும் 79 பகுதிகள் உண்டு. இந்நோயுள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அவற்றில் ஒன்றோ பலவோ விடுபட்டிருக்கும். எம்எல்பிஏ என்ற மரபணுச் சோதனை அதைக் காட்டிவிடும். அதில் பிடிபடாவிட்டால் மரபணு வரிசையைப் படித்துப் பார்க்கலாம். தசையைக் கீறி எடுக்கும் பயாப்ஸி அதற்கும் பிறகுதான்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: தாய், சகோதரி, சித்தி ஆகியோருக்கும் மரபணுச் சோதனை அவசியம். நோய் வெளியே தெரியாமலே இந்த மரபணுக் குறையைச் சுமக்கும் பெண்கள் உண்டு. எங்கள் வீட்டில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும், முடிவு வந்ததும் குடும்பத்தை உட்காரவைத்து விளக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அடிக்கடி விழும் ஆண் குழந்தைகளுக்கு முதலில் ரத்தத்தில் சிபிகே என்ற நொதியின் அளவையாவது பார்க்கட்டும்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி